செயலுக்குக் காத்திருக்கும் இசை



இத்தகைய பொதுச் சொற்பொழிவுகளில் எழுத்து, சொல், பொருள் பற்றியே பெரும்பாலும் கேட்டிருப்பீர்கள். இன்று நாம் கணினி விளையாட்டுகளின் இசையை எடுத்துக்கொண்டுள்ளோம். மொழியியல் பயின்றோர்க்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். வேலை உண்டு. இவ்விசை அமைக்கப்படும் முறையை உற்றுநோக்குங்கால், அது ஒரு பாட்டை இயற்றுவதைக் காட்டிலும் ஓர் இலக்கணத்தை வகுப்பதற்கே நெருங்கியிருக்கக் காண்கிறோம். சிரம்பானைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒலித்துவந்த மேளத்தோடும் அதற்கு ஓர் உறவு உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

முதலில் திரைப்பட இசையை நினைவிற் கொள்வோம். அது நம் அனைவர்க்கும் பழகியது. ஒரு காட்சி மூன்று நிமிடம் ஓடுமெனில், இன்றும் நாளையும் அதே மூன்று நிமிடமே ஓடும். கதைத்தலைவி எந்த நொடியில் திரும்பிப் பார்ப்பாள் என்பது இசையமைப்பாளர்க்கு முன்கூட்டியே தெரியும். அந்த நொடிக்கு வயலின் எழும்பும்படி அவர் எழுதிவிடலாம். பின்னர்ப் பேச்சு, இசை, பிற ஓசைகள் மூன்றையும் அளவறிந்து கலந்து ஒரே ஒலித்தடமாக உறுதிசெய்துவிடுவர். அதற்குப் பின் எந்தத் திரையரங்கிலும் அது மாறாது.

கணினி விளையாட்டில் இந்த உறுதி இல்லை. விளையாடும் பிள்ளை கதவைத் திறக்கப் பத்து நொடி எடுத்துக்கொள்ளலாம். கதவின் முன் நின்று உணவு உண்ணவும் போய்விடலாம். இசை அதுவரை சலிப்பூட்டாமல் காத்திருக்கவேண்டும். கதவு திறந்த கணமே மாறவும் வேண்டும். எப்போது மாறும் என்பது இயற்றியவர்க்குத் தெரியாது. இத்துறையின் சிக்கல்கள் அனைத்தும் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

தொடக்கத்தில் விளையாட்டின் இசை வெறும் அறிவிப்பாகவே இருந்தது. 1978இல் ஜப்பானில் வெளிவந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டில் இறங்குமுகமான நான்கு சுரங்கள் மட்டுமே திரும்பத் திரும்ப ஒலிக்கும். பகைப்படை விரைய விரைய அந்நான்கு சுரமும் விரையும். கேட்பவர் நெஞ்சும் உடன் விரையும். நான்கே சுரந்தான் என்றாலும் விளையாட்டின் நிலைக்கேற்ப இசை மாறுதல் என்னும் கொள்கை அங்கேயே முளைத்துவிட்டது. 1985இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டுக்குக் கோஜி கொண்டோ இசையமைத்தபோது அவர்க்குக் கிடைத்தவை ஐந்து ஒலித்தடங்களே. அவற்றுள் ஒன்று வெறும் இரைச்சலை எழுப்புவது. அதையே அவர் தாளக் கருவியாக்கிக்கொண்டார். படம், இசை, விதிகள் அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ நாற்பது கிலோபைட்டுக்குள் அடங்கவேண்டியிருந்தது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் அதனைப்போற் பன்மடங்கு பெரியது. ஓரடியில் உலகை அடக்கிய மரபினராகிய நமக்கு இச்சிக்கனத்தின் அருமை எளிதில் விளங்கும்.

நினைவகம் பெருகியபின் கட்டுப்பாடு தளர்ந்தது. ஆயினும் பழைய வினா தீரவில்லை. ஓர் இசையிலிருந்து மற்றோர் இசைக்கு வெட்டுக்காயம் தெரியாமல் செல்வது எப்படி? லூகாஸ் ஆர்ட்ஸ் நிறுவனத்தில் மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்கானல் ஆகிய இருவர் இதற்கென ‘ஐமியூஸ்’ என்னும் ஒழுங்கமைப்பை உருவாக்கினர். 1991இல் வெளிவந்த ‘மங்கி ஐலண்ட் 2’ விளையாட்டில் அது பயன்பட்டது. அதில் ஒரு சிற்றூர் வரும். அவ்வூரின் ஒவ்வொரு குடிலுக்குள்ளும் நுழையும்போது ஊரின் மெட்டு அக்குடிலுக்குரிய வேறு கருவியில், வேறு நடையில் தொடரும்; வெளியே வந்தால் மீண்டும் பழைய நடைக்குத் திரும்பும். எந்த இடத்தில் நுழைந்தாலும் இணைப்புத் தெரியாது.

இங்கேதான் நமக்குத் தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரம் நினைவுக்கு வருகிறது. நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் சந்திக்குமிடத்தில் நிகழ்வனவற்றை இயல்பு, தோன்றல், திரிதல், கெடுதல் என்று பள்ளியில் கற்பிக்கிறோம். விளையாட்டிசை அமைப்போர் செய்வதும் ஏறத்தாழ இதுவே. தாளவட்டம் முடியும் இடத்தில் ஒன்றை நிறுத்தி அடுத்ததை அப்படியே தொடங்குவது இயல்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு இணைப்புத் துணுக்கை இடுவது தோன்றல். வருவதன் சுரநிலைக்கு ஏற்ப நிற்பதன் கடைசிச் சுரத்தை மாற்றிக்கொள்வது திரிதல். ஓர் அடுக்கை மெல்ல அவித்துவிட்டு மற்றதை மட்டும் ஓடவிடுவது கெடுதல். ஒப்புமையை இதற்குமேல் இழுத்தால் அறுந்துவிடும். மாணவர்க்கு விளக்குவதற்கு இந்த அளவு போதும். ‘மரம்’ என்னும் சொல்லின்பின் எந்தச் சொல்லை அமைப்பது என்பதைப் பேசுபவர் முடிவு செய்கிறார். எச்சொல் வந்தாலும் எப்படிப் புணர்வது என்பதை இலக்கணம் முன்கூட்டியே சொல்லி வைத்துள்ளது. விளையாடுபவர் பேசுபவரைப் போன்றவர்; இசையமைப்பாளர் இலக்கணியைப் போன்றவர்.

இன்று இவ்வேலைக்கெனத் தனி மென்பொருள்கள் உள்ளன. ‘எஃப்மாட்’, ‘வைஸ்’ என்பன பெரிதும் பயன்படுவன. இவற்றில் இருவகை முறை கைக்கொள்ளப்படுகிறது. துணுக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக, நிலைமைக்கேற்ற வரிசையில் கோப்பது ஒன்று. ஒரே நேரத்தில் ஓடும் பல அடுக்குகளைக் கூட்டியும் குறைத்தும் கையாள்வது மற்றொன்று: அமைதியான வழியில் குழல் மட்டும் ஒலிக்கும், பகைவர் அணுகினால் தாளம் சேரும், போர் மூண்டால் கொம்பும் சேரும்.

ஒலிக்கலவையும் அவ்வாறே உருமாறிவிட்டது. கலவை என்பது ஒலியைக் கூட்டிக் குறைப்பது மட்டுமன்று. தாழ்ந்த அதிர்வெண்களில் இரண்டு கருவிகள் மோதினால் ஒன்றை விலக்கவேண்டும். எந்த ஒலி இடச்செவிக்கு, எது வலச்செவிக்கு, எது தொலைவில் என்று இடம் வகுக்கவேண்டும். திரைப்படத்தில் கலப்பவர் இதை ஒருமுறை தம் செவியால் கேட்டு முடித்துவிடுவார். விளையாட்டில் அவர் விதிகளையே எழுதி வைக்கிறார்: யாரேனும் பேசத் தொடங்கினால் இசை இவ்வளவு தணிக, உயிர் குறைந்தால் மேற்சுரங்கள் மங்குக. சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையில் தண்ணுமை ஆசிரியனின் தகுதிகளைச் சொல்லும் இடத்தை ஆசிரியப் பெருமக்கள் அறிவீர்கள். பிற கருவிகளில் குறை நேர்ந்தால் நிரப்பவும், மிகை நேர்ந்தால் அடக்கவும், அதை அளவு மீறாமற் செய்யவும் வல்லவன் அவன் என்பது அப்பகுதிக்குச் சொல்லப்படும் பொருள். ஒலிக்கலவைக்கு இதனினும் சுருக்கமான இலக்கணத்தை நாம் கண்டதில்லை.

இவையெல்லாம் முன்பே நம்மிடம் இருந்தன என்று மார்தட்டுவதற்காக இதைக் கூறவில்லை. அவ்வாறு கூறுவோரால் தமிழுக்கு விளைந்த நன்மை சிறிது. இளங்கோவடிகளின் தண்ணுமையாளன் அரங்கில் அமர்ந்து ஆடுபவளின் காலைப் பார்க்கிறான். விளையாட்டிசை அமைப்பவரோ விளையாடுபவரை ஒருபோதும் காண்பதில்லை. கண்முன் இல்லாத ஒருவரின் கைக்கும் மனத்துக்கும் அவர் எழுதுகிறார். இந்தத் தொலைவே புதியது.

எனினும் செயலுக்குக் காத்திருக்கும் இசை என்பது நம் மக்களுக்குப் புதிதன்று. திருமணத்தில் நாகசுரக்காரர் எந்த இராகத்தின் எந்த நெளிவில் இருந்தாலும், பெரியவர் ஒருவர் விரலசைத்த கணமே அதை விட்டுவிட்டுக் கெட்டிமேளத்துக்கு வருகிறார். தாலி முடிச்சு விழும் வரை அது நீளும். மூன்று முடிச்சுக்கு எத்தனை நொடி என்று எவரும் எழுதி வைத்ததில்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் உறுமி மேளக் குழுவினரைப் பாருங்கள். உறுமி, தவில், பம்பை அடிப்போரின் கண்கள் காவடி எடுப்பவரின் முகத்திலும் தோளிலும் இருக்கும். அருள் வரும் குறி தென்பட்டால் அடி இறுகும். அவர் தளர்ந்தால் நடை தளரும். அடுக்கைக் கூட்டுதல், குறைத்தல், இணைப்புத் துணுக்கிடுதல் எல்லாம் அங்கே நடக்கின்றன. அக்கலைஞர்கள் அவற்றுக்கு வேறு பெயர் வைத்திருக்கலாம், பெயரே வைக்காமலும் இருக்கலாம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஒவ்வொரு திணைக்கும் தெய்வம், உணவு, விலங்கு, மரம் முதலியவற்றோடு பறையும் யாழும் கருப்பொருளாகத் தொல்காப்பியர் வைத்துள்ளார். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என உரைகாரரும் பின்வந்தோரும் விரிப்பர். பெரிய கணினி விளையாட்டுகளில் மலைநாட்டைக் கடந்து கடற்கரைக்கு வந்தால் கருவியும் பண்ணும் மாறும். நிலத்தைக் கண்ணுக்குமுன் காதால் அடையாளம் காட்டும் முறை அது. திணைக் கோட்பாட்டைப் பழம்பாடமாக மட்டும் கருதும் மாணவர்க்கு இவ்வழியாக அதை நடத்தினால் உடனே பிடிபடும்.

இவ்விசையின் மதிப்பு உலகில் எவ்வாறு உயர்ந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1987இலேயே டோக்கியோவில் கோயிச்சி சுகியாமாவின் ‘டிராகன் குவெஸ்ட்’ இசை கச்சேரி மேடை ஏறியது. ‘சிவிலைசேஷன் 4’ விளையாட்டுக்காகக் கிறிஸ்டோபர் டின் இசையமைத்த ‘பாபா யேத்து’ 2011இல் கிராமி விருது பெற்றது. விளையாட்டுக்கென இயற்றப்பட்ட இசைக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதன்முறை. 2023 முதல் விளையாட்டிசைக்கெனத் தனிப் பிரிவும் ஏற்பட்டுள்ளது. இவற்றுள் ‘பாபா யேத்து’வே நம் கருத்தைக் கவர்வது, அது சுவாகிலி மொழியில் அமைந்த பாட்டு. அம்மொழியின் ஒரு சொல்லையும் அறியாத பிள்ளைகள் பல நாடுகளில் அதை மனப்பாடமாகப் பாடுகின்றனர். ஒரு மொழியின் ஒலி பரவுவதற்கு இப்படியும் ஒரு வழி உண்டு.

நம் நாட்டிலும் நல்ல முயற்சி நடந்துள்ளது. கோலாலம்பூரின் மெட்ரோநாமிக் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ‘நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்’ விளையாட்டில் இசையே போர்க்களம். ராக் இசைக் குழுவினர் இருவர், மின்னணு நடன இசையின் பேரரசை எதிர்க்கின்றனர். பகைவரின் தாக்குதல் தாளத்தில் விழும். காதுகொடுத்துக் கேட்பவரே தப்புவர். போரின் போக்குக்கேற்ப ஒரே மெட்டு ஒரு பாணியிலிருந்து மற்றதற்கு மாறும். அதாவது ஒவ்வொரு மெட்டையும் இருபாணிக்கும் பொருந்துமாறு அமைத்தாகவேண்டும்.

தமிழுக்கு வருவோம். கனடாவின் டொரொண்டோவிலுள்ள ‘விசை’ என்னும் சிறு நிறுவனம் 2023இல் ‘வெண்பா’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. தாயின் பெயர் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். பெயர்களைக் கேட்டாலே தமிழாசிரியர் மனம் குளிரும். சிதைந்துபோன சமையற்குறிப்பேட்டைக் கொண்டு இட்டலியும் புட்டும் சமைத்தெடுப்பதே ஆட்டம். சமைக்கும்போது அடுக்களை வானொலியில் பாட்டு ஒலிக்கும். அப்பாட்டுகள் பழைய படங்களிலிருந்து எடுக்கப்பட்டவை அல்ல. தமிழ்த் திரையிசையின் வெவ்வேறு காலத்துப் பாணிகளில் இவ்விளையாட்டுக்கெனவே புதிதாக இயற்றப்பட்டவை. ஆண்டுகள் கழிவதைப் பாட்டின் பாணி சொல்லிவிடுகிறது. மகன் தாய்மொழியிலிருந்து விலகிச் செல்கிறான். வானொலியோ தமிழிலேயே பாடிக்கொண்டிருக்கிறது. 2024இல் இவ்விளையாட்டு பிரிட்டனின் பாஃப்டா விருதையும், சுயேச்சை விளையாட்டுகளுக்கான விழாவின் முதற்பரிசையும் பெற்றது. தோட்டத்து லயன் வீட்டில் வானொலியின் துணையோடு சமைத்த தாயாரின் பேரப்பிள்ளைகள் இந்த அவையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இனி நம்மைக் கவலையுறச் செய்யும் செய்திக்கு வருகிறோம். இன்று இசையமைக்கும் இளைஞர் பெரும்பாலும் கருவிக்காரரை அழைப்பதில்லை. ஒவ்வொரு சுரமாக, மென்மை, நடுத்தரம், வன்மை எனப் பல அளவில் முன்பே பதிவுசெய்யப்பட்ட ஒலித்தொகுப்புகளை விலைக்கு வாங்கி மடிக்கணினியில் அடுக்குகிறார். ஐரோப்பிய வயலினுக்கும் பியானோவுக்கும் எண்ணற்ற தொகுப்புகள் உண்டு. தபலாவுக்கும் ஓரளவு உண்டு. உறுமிக்கு நல்ல தொகுப்பைத் தேடுபவர் களைத்துப்போவார். கிடைக்காத ஒலியை யாரும் பயன்படுத்துவதில்லை. இவ்வாறே ஒரு கருவி அடுத்த தலைமுறையின் செவியிலிருந்து நழுவுகிறது.

சிரம்பானைச் சுற்றியிருந்த இரப்பர்த் தோட்டங்களில் பல துண்டாடப்பட்டன. சில செம்பனைக்கு மாறின. சில இன்று வீடமைப்புப் பகுதிகள். மக்கள் பட்டணத்துக்கு வந்தபோது மேளமும் வந்தது. இளைஞர் குழுக்கள் இன்றும் உறுமி மேளம் அடிக்கின்றனர். அதை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆயினும் ஒவ்வொரு தோட்டக் கோயிலுக்கும் உரியதாக இருந்த அடிமுறைகள், முதியவர் சிலரின் கைகளில் மட்டுமே எஞ்சியுள்ளன. வட்டார வழக்குகளைத் தொகுக்கச் சென்ற மொழியியலார் அனைவர்க்கும் தெரிந்த நிலைமைதான் இது: நாளைக்குப் பதிவு செய்யலாம் என்று எண்ணினால் நாளைக்கு அவர் இருப்பதில்லை.

பதிவு செய்வதில் ஒரு நுணுக்கம் உண்டு. தவிலின் அடிகளைத் தனித்தனியே பிரித்தெடுக்கலாம். எழுத்துகளைப் பிரிப்பது போன்றது அது. உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து எழுப்பும் ஓசையை அப்படிப் பிரிக்க இயலாது. அழுத்தமும் நீளமும் ஏறியிறங்கும் தொடரோசை அது. பேச்சின் இசைக்கோடு போன்றது. அதைச் சொற்றொடர் சொற்றொடராகவே பதியவேண்டும். ஆகவே இவ்வட்டார மாணவர்க்கு நாம் இடும் பணி இது. ஒரு முதிய கலைஞரிடம் செல்லுங்கள். அவர் இசைவைப் பெறுங்கள். கைப்பேசி போதும், ஓடும் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஒவ்வோர் அடியையும் மூன்று வன்மையில், பின்னர் முழு நடையாக, பின்னர்க் குழுவோடு சேர்த்துப் பதியுங்கள். அடியின் பெயரை அவர் வாயாலேயே சொல்லச் செய்து அதையும் பதியுங்கள். அப்பெயர் அகராதியில் இல்லையெனில் எந்தத் தோட்டத்து வழக்கு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தம் ஒலி ஒரு விளையாட்டில் பயன்பட்டால் அவர் பெயரும் அதில் வரவேண்டும் என்பதை அப்போதே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.