முதல் மாலைக்கு எந்த ஆட்டம்?

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் நாலைந்து குடும்பத்தினர் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு வீட்டில் கூடுவது உண்டு. காப்பி ஆகும், ஊர்ச் செய்தி பேசி முடியும், பிறகு சீட்டுக்கட்டு வெளியே வரும். அந்தச் சீட்டுக்கட்டின் இடத்தில் வேறோர் ஆட்டத்தை வைத்துப் பார்க்கும் ஆவல் இப்போது நம் இளைஞரிடையே எழுந்திருக்கிறது. மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, வாய்ப்பேச்சாலேயே ஒரு கதையை நடத்திச் செல்லும் ஆட்டம் அது. "எதிரே இடிந்த கோட்டை, கதவு பாதி திறந்திருக்கிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று கதை நடத்துபவர் கேட்பார். மற்றவர் தத்தம் பாத்திரமாக நின்று விடை சொல்வர். எடுத்த செயல் கைகூடுமா என்று ஐயம் எழும் இடத்தில் பகடை தீர்ப்புக் கூறும்.

இத்தகைய ஆட்டங்கள் இன்று நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒன்றும் அறியாத ஐந்தாறு பேர் முதன்முதலாக உட்காரும்போது எதைக் கையில் எடுப்பது? இதில் நாங்கள் தவறிய கதையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

புகழ் பெற்றது என்ற ஒரே காரணத்தால் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' ஆட்டத்தின் பெரிய விதிநூலை வாங்கினோம், 320 பக்கம். மாலை ஐந்து மணிக்கு அறுவர் கூடினோம். இன்ன குலம், இன்ன தொழில், இன்ன ஆயுதம் என்று பாத்திரங்களை அமைப்பதற்குள் எட்டரை மணி ஆகிவிட்டது. கோட்டைக் கதவை ஒருவரும் தொடவில்லை. அடுத்த ஞாயிறு வந்தவர் இருவரே. வராதவருள் ஒருவர், புது ஊரில் பேச்சுத்துணை இன்றித் தவித்து, இப்படி ஒரு கூட்டம் வேண்டுமென்று முதலில் கேட்டவர். அவரை மீண்டும் அழைத்துவர ஆறு மாதம் பிடித்தது.

ஆட்டத்தின் மேல் குற்றம் இல்லை. எனினும் இத்தொல்லை அதனோடு உடன்பிறந்தது எனலாம். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் அதனை மூன்று சிறு ஏடுகளாக வெளியிட்டனர். முதலில் அச்சானவை ஆயிரம் படிகளே. பொம்மைப் படைகளை நிறுத்திப் போர் விளையாட்டு ஆடிப் பழகியவர்க்கென எழுதப்பட்டமையால், பிறருக்கு அவ்வேடுகள் எளிதில் விளங்கவில்லை. நரம்பியல் பேராசிரியரான எரிக் ஹோம்ஸ் என்பவர் தாமே முன்வந்து, புதியவர்க்காக அவற்றைச் சீர்செய்து எழுதினார். 1977-இல் அது பெட்டியாக வந்தது. பாத்திரங்களின் முதல் மூன்று நிலைகளுக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அவர் விட்டுவிட்டார். நாங்கள் அந்த மாலையில் செய்யத் தவறியது அதுதான்.

ஆகவே அந்த ஆட்டமே வேண்டும் என்பவர் பெரிய நூலைத் தொடாமல் தொடக்கப் பெட்டியை வாங்குக. 2014-இல் வந்த பெட்டியில் 32 பக்க விதியேடும், 64 பக்கக் கதையேடும், ஆயத்தமாக எழுதிய ஐந்து பாத்திரங்களும் இருந்தன. பாத்திரத்தாளைக் கையில் கொடுத்த கால்மணி நேரத்தில் கதை தொடங்கிவிடும்.

ஆயினும், ஆட்டத்தின் பெயரைக் கேட்பதற்கு முன் கேட்கவேண்டியது வேறொன்று: கதையை நடத்தப்போகிறவர் யார்? மற்றவர் வெறுங்கையோடு வரலாம். அவர் படித்துவிட்டு வரவேண்டும். வேலை மிகுந்தவர் ஒருவர்தாம் அதற்கு இசைந்தார் என்றால், அவர் சுமக்கக்கூடிய ஆட்டத்தையே எடுத்தல் வேண்டும். கிராண்ட் ஹோவிட் 2017-இல் எழுதிய 'ஹனி ஹைஸ்ட்' ஒரே தாளில் அடங்கியது. ஆடுபவர் அனைவரும் கரடிகள். தேனைக் கொள்ளையடிப்பது நோக்கம். ஒவ்வொருவருக்கும் 'கரடி', 'கள்வன்' என்று இரண்டே குணம். தொடக்கத்தில் இரண்டும் மூன்று. நம் வீட்டுச் சாதாரணப் பகடையை உருட்டி, அவ்வெண்ணோ அதற்குக் குறைவோ விழுந்தால் வெற்றி. தோற்றால் கள்வனிலிருந்து ஒரு புள்ளி கரடிக்கு ஏறும். திட்டம் தடையின்றி நடந்தால் கரடியிலிருந்து கள்வனுக்கு. எது ஆறானாலும் ஆபத்து: ஒருபுறம் வெறிபிடித்த விலங்கு, மறுபுறம் தோழரைக் காட்டிக்கொடுக்கும் கயவன். ஒரே மாலையில் முடிந்துவிடும். மாதக்கணக்கில் ஒரே கதையை வளர்க்க விரும்புவோர்க்கு இது போதாது.

துப்பறியும் கதைப் பித்தர் சிலர் கூடினால், சாண்டி பீட்டர்சன் 1981-இல் ஆக்கிய 'கால் ஆஃப் கதுல்ஹு' ஏற்றது. 'நூலகத்தில் தேடுதல் 60' என்று தாளில் இருந்தால், நூற்றுக்கு அறுபது வாய்ப்பு என்பது எவருக்கும் விளங்கும். தொடக்கவிதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் பாத்திரங்கள் அஞ்சிச் சித்தம் கலங்குவது அதன் இயல்பு. சிறுவர் உள்ள வீட்டில் வேண்டாம்.

பலமுகப் பகடை கிடைக்கவில்லையே என்று எவரும் நின்றுவிட வேண்டியதில்லை. 1979-இல் பகடைத் தட்டுப்பாடு வந்தபோது, ஹோம்ஸின் பெட்டியிலேயே பகடைக்குப் பதிலாக எண் எழுதிய சிறு துண்டுகளை வைத்து விற்றார்கள். ஒன்று முதல் இருபது வரை எழுதிய காகிதச் சீட்டுகளை ஒரு டம்ளரில் போட்டுக் குலுக்கி நாங்களும் ஆடியிருக்கிறோம்.

இன்னும் ஒன்று. விதிகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆட்டம் எந்த மொழியில் நடக்கவேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை. பேச்சாலேயே நடக்கும் ஆட்டமாதலின், வெளியூரில் வாழும் நமக்கு இது சிறு செய்தி அன்று. விதி குறைய இருந்தால் ஆங்கிலச் சொல்லும் குறையும். நாங்கள் ஒற்றைத்தாள் ஆட்டத்தின் பக்கம் சாய்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். எங்கள் கூட்டத்தில் பதினொரு வயதுப் பெண் ஒருத்தி. தமிழில் எது கேட்டாலும் இந்தியில் விடை சொல்பவள். கரடியாட்டத்தில் அவளைக் காவற்காரன் வாயிலில் மறித்தான். காவற்காரனாகப் பேசியவர் அவளுடைய தாத்தா. அவருக்கு இந்தி வராது. சிறிது நேரம் விழித்துவிட்டு, "ஐயா, நான் கரடி இல்லை, சமையற்காரி, தொப்பியைப் பாருங்கள்" என்றாள். பகடையில் இரண்டு விழுந்தது. காவற்காரன் கதவைத் திறந்துவிட்டான்.