உழைத்த பணம் எங்கே போகிறது?

நகர்ப்புற ஏழைகளில் உழைக்காதவர் அரிது. விடியுமுன் எழுந்து இருட்டும்வரை பாடுபட்டும் கையில் மிஞ்சாததுதான் அவர்கள் துயரம். சம்பாதித்த பணம் எந்த வழியில் போகிறது என்று கண்டறிந்து அதை அடைப்பதே சமூகத் தொழில்முனைவின் முதல் வேலை.

பெரிய ஓட்டை வட்டி. காய்கறிக் கூடைக்காரப் பெண் காலையில் ஆயிரம் ரூபாய் கடன் கேட்டால், நூறைப் பிடித்துக்கொண்டு தொள்ளாயிரம் தருவார்கள். மாலையில் முழு ஆயிரத்தைக் கட்ட வேண்டும். முப்பது நாளில் 3,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அதே 900 ரூபாயை வங்கி 4 சதவீதத்தில் கொடுத்தால் ஓராண்டு வட்டி 36 ரூபாய். 1978இல் சென்னையில் ஜெயா அருணாசலம் தொடங்கிய உழைக்கும் மகளிர் மன்றம், இத்தகைய பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்கவைத்து, அந்த 4 சதவீதக் கடனைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கிகளிடமிருந்து பெற்றுத் தந்தது. அகமதாபாத்தில் சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவாவின் உறுப்பினர்கள் 1974இல் தங்களுக்கென்றே ஒரு வங்கி தொடங்கினார்கள். சுமார் 4,000 பேர் தலைக்குப் பத்து ரூபாய் பங்குப்பணம் போட்டார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவருக்கு, கணக்கு எண் எழுதிய சிலேட்டைப் பிடித்தபடி எடுத்த புகைப்படமே அடையாளம். எளியவருக்கு ஏற்ப வங்கியே வளைந்துகொடுத்தது. அதுவே இதன் சிறப்பு.

அடுத்த ஓட்டை, பொருளின் தரக்குறைவும் பேரம் பேசும் பலமின்மையும். தெருத்தொட்டியில் கிளறி எடுக்கும் காகிதம் ஈரமாகவும் அழுக்காகவும் இருப்பதால் பழைய பொருள் கடைக்காரர் சொல்வதே விலை. புனேயில் குப்பை பொறுக்குவோர் 1993இல் சங்கம் அமைத்தார்கள். பின்னர் அவர்களே உரிமையாளராக உள்ள ‘ஸ்வச்’ கூட்டுறவு, 2008இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்தது. இப்போது வீடு வீடாகச் சென்று பிரித்த குப்பையைச் சேகரிக்கிறார்கள். வீட்டுக்காரர் மாதக் கட்டணம் தருகிறார். உலர்ந்த பொருளை விற்ற காசும் அவர்களுக்கே. லாபம் வெளியே இருக்கும் முதலாளிக்குப் போனால், எவ்வளவு நல்ல நோக்கமானாலும் அது இன்னொரு இடைத்தரகு வியாபாரமாகிவிடும். உரிமை உழைப்பவரிடம் இருந்தாக வேண்டும்.

செய்த பொருளை விற்க வழி இல்லாததும் ஓர் ஓட்டையே. தையல் இயந்திரம் கொடுத்துப் பயிற்சியும் தந்துவிட்டு, தைத்ததை வாங்க ஆள் தேடாத திட்டங்கள் ஏராளம். இயந்திரம் மூலையில் தூசி படிந்து கிடக்கும்.

இந்த ஓட்டைகளை அடைப்பதில் இன்று பட்டம் பெறுவோருக்கு வேலை இருக்கிறது. கூட்டுறவுக்குக் கணக்கு எழுத வணிகவியல் படித்தவர் வேண்டும். ஒப்பந்த வாசகத்தைப் படித்துச் சொல்லச் சட்டம் படித்தவர் வேண்டும். தள்ளுவண்டியின் பாரம் குறையப் பொறியாளர் வேண்டும். பணத்தைப் போலவே நேரமும் ஓட்டை வழியே போகிறது. சென்னையின் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியேற்றப் பகுதிகளில் வீட்டுவேலை செய்யும் பெண்கள், பழைய வேலையிடத்துக்குப் பேருந்தில் போய்வரவே பல மணி நேரத்தை இழக்கிறார்கள். அந்தப் பகுதியிலேயே, தாய்மார்களே பங்குதாரர்களாக நடத்தும் ஒரு குழந்தைகள் காப்பகமும் சமையற்கூடமும் அமைந்தால், சிலருக்கு அங்கேயே கூலி கிடைக்கும். மற்றவர்கள் கைக்குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போகலாம்.