கோதாவுக்கு வேண்டிய பலம்

கல்கத்தாவின் அலிப்பூர் என்ற பெயரைக் கேட்டவுடன் தமிழர் நினைவில் எழுவது, 1908-ஆம் ஆண்டில் தொடங்கிய வெடிகுண்டு வழக்கும், அதில் ஓராண்டு சிறையிலிருந்து விடுதலை பெற்று 1910-இல் புதுச்சேரி வந்து சேர்ந்த அரவிந்தரின் சரிதமுந்தான். ஆனால் அந்த வழக்கில் கூண்டேறி நின்ற வாலிபர்களுடைய இயக்கத்தின் பூர்வோத்தரத்தை ஆராயப் புகுந்தால், அது 1902-இல் வெளிப்பார்வைக்கு ஒரு தேகப்பயிற்சிக் கழகமாகத் தோன்றிய அனுசீலன் சமிதியில் கொண்டுபோய் விடும். வங்காளி உடல்வலிமையற்றவன் என்று மெக்காலே எழுதிவைத்த ஏளனம் படித்த குடும்பங்களின் மனத்தை உறுத்திக்கொண்டிருந்த காலமாதலால், தண்டாலும் லாட்டியும் அங்கே பொழுதுபோக்காக இராமல் ஒரு விரதமாகவே அனுஷ்டிக்கப்பட்டன.

அரசியலைச் சரித்திராசிரியர்களுக்கு விட்டுவிட்டு, நான் இன்று எடுத்துக்கொள்வது ஒரு சிறிய கேள்வி. குஸ்தியோ குத்துச்சண்டையோ பழகுகிறவன், பலம் சேர்ப்பதற்கென்று எந்தப் பயிற்சிகளைத் தேர்ந்துகொள்ள வேண்டும்? இதற்குக் கல்கத்தா நகரம் இரண்டு விடைகளைத் தந்திருக்கிறது.

ஒன்று, விஷ்ணு சரண் கோஷ் போன்ற ஆசான்கள் வளர்த்த தேகவனப்புக் கலை. 1951-இல் மனதோஷ் ராயும், அடுத்த ஆண்டே மனோகர் ஐச்சும் மிஸ்டர் யூனிவர்ஸ் போட்டியில் தத்தம் பிரிவில் பட்டம் பெற்றது இந்த வழியில். ஐந்தடி உயரங்கூட இல்லாத ஐச், பிரிட்டிஷ் ஆட்சியில் சிறைப்பட்டிருந்தபோது எவ்விதச் சாதனமுமின்றித் தம் உடலையே பளுவாகக் கொண்டு பயின்றவர். அவருடைய வைராக்கியத்தை வியக்காமலிருக்க முடியாது. எனினும் அக்கலையின் இலட்சியம் பார்ப்பவர் கண்ணுக்கு அங்கங்களின் அமைப்பைக் காட்டுவதேயன்றி, எதிரில் நின்று தள்ளுகிற ஒருவனைத் தாங்குவதன்று.

மற்றொரு விடை, அம்பிகா சரண் குஹா வடகல்கத்தாவில் தொடங்கிய மல்யுத்தக் கூடத்தில் பிறந்தது. இளமையில் விவேகானந்தரும் அங்கே குஸ்தி பழகினார் என்பர். அம்பிகா சரணின் பேரர் ஜதீந்திர சரண், உலகம் கோபர் கோஹோ என்று அறிந்தவர், 1892-இல் பிறந்து, 1921-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஆட் சாண்டெலை வீழ்த்தி லைட் ஹெவிவெயிட் பிரிவில் உலகப் பட்டத்தைக் கைக்கொண்டவர்.

அவர் பயின்ற சாதனங்களுள் என் கருத்தை மிகவும் கவர்வது கழுத்தில் மாட்டிக்கொள்ளும் கல்வளையம். அவருடையது 160 ராத்தல் எடையுள்ளது என்று சொல்லப்படுகிறது. காட்சிக்கு விநோதமாகத் தோன்றும் இது, காரணத்தை நோக்கினால் மிகுந்த விவேகமுள்ள தேர்வு. பிடரியைப் பிடித்துத் தலையைக் கீழே இழுப்பது குஸ்தியின் முதல் தந்திரம். தலை தாழ்ந்தால் முதுகு வளையும், முதுகு வளைந்தால் கால் அகப்படும். வளையத்தைச் சுமந்தபடி பஸ்கி போடுகிறவனுக்குக் கழுத்தும் முதுகும் தொடையும் ஒருங்கே உழைத்து, ஒன்றுக்கொன்று உதவப் பழகிவிடுகின்றன. குத்துச்சண்டைக்காரனுக்கும் கழுத்துப்பலம் இன்றியமையாததே. தாடையில் விழுகிற குத்து தலையை வெடுக்கென்று திருப்பும் வேகத்தைத் தணிக்கக்கூடியது அதுதான். அப்படியிருந்தும் நம் பயிற்சிக்கூடங்களில் பத்துப் பேர் மார்பைப் பெருக்கிக்கொள்ள வரிசையில் நிற்க, கழுத்தைப் பற்றி ஒருவனும் நினைப்பதில்லை!

கோதாவின் மண்ணை மண்வெட்டியால் கொத்திப் புரட்டுவதும் அப்படிப்பட்ட ஒன்று. எண்ணெயும் மஞ்சளும் மோரும் கலந்து இறுகிய மண்ணில் மண்வெட்டியை இறக்கி, இடுப்பைத் திருப்பி, அதைத் தன்னை நோக்கி இழுக்கும் வேலையில், பிடியும் முன்கையும் முதுகும் படும் பாடு, எதிராளியை இழுத்து அணைக்கும்போது படும் பாடேதான். தண்டாலிலும் இத்தகைய பொருத்தம் உண்டு: காலைப் பற்ற ஒருவன் பாயும்போது கால்களைப் பின்னே வீசி, மார்பால் அவனை அழுத்தித் தடுக்கும் அசைவுக்கு அது நெருங்கிய உறவு. கர்லாக்கட்டை தோளின் மூட்டுக்கு வளைவும் உறுதியும் சேர்ந்து தருவது. சிலம்பம் பழகிய நம்மவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

ஆயினும் பழமை என்பதற்காக எல்லாவற்றையும் தலைமேல் வைத்துக் கூத்தாட நான் சம்மதியேன். காமா பயில்வான் நாள்தோறும் 5000 பஸ்கியும் 3000 தண்டாலும் எடுத்தார் என்று வழங்கும் கணக்கைக் கேட்டு, காலையில் அலுவலகத்துக்கும் மாலையில் கோதாவுக்கும் ஓடுகிற இளைஞன் ஆயிரம் பஸ்கி போட்டு முழங்காலைக் கெடுத்துக்கொள்வது அறியாமை. சமஸ்தானத்தின் போஷணையில், உண்பதும் உறங்குவதும் குஸ்திக்காகவே என்று வாழ்ந்தவர் அவர். அன்றியும், நூற்றுக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்வது வளர்ப்பது பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும் சக்தியையே. திடீரென்று ஒரு கணத்தில் வெளிப்பட வேண்டிய வன்மைக்கு, கனத்த பளுவை மூன்று முதல் ஐந்து தடவை தூக்கி, சில நிமிஷம் இளைப்பாறி, மறுபடி தூக்குவதே உகந்தது. எடைப்பிரிவு மீறிவிடுமோ என்று அஞ்சுகிறவனுக்கும், அளவோடு செய்தால், உடலை அதிகம் பருக்கவிடாமல் பலத்தைக் கூட்டித்தருவது இம்முறையே.

சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை சொல்லிச் சண்டையிட்ட வடசென்னைக் குத்துச்சண்டை மரபில் ஊறிய நம் நேயர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கைகளில் இரும்புக் குண்டுகளைப் பிடித்துக்கொண்டு காற்றில் குத்துவது குத்தின் பலத்தைப் பெருக்கும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. பளு இழுப்பதோ கீழ்நோக்கி. குத்து செல்வதோ முன்நோக்கி. ஆகவே அப்பயிற்சியால் தோள் கையைத் தாங்கிப்பிடிக்கக் கற்றுக்கொள்கிறதேயொழிய, குத்து கனமாவதில்லை. குத்தின் பிறப்பிடம் தரையை உந்தும் பாதம். அங்கிருந்து இடுப்பின் திருப்பத்தால் தோளுக்கு ஏறி முஷ்டியில் முடிகிறது அது. ஆதலால் பளுவோடு உட்கார்ந்தெழுவதும், கனத்த பந்தை இடுப்பைத் திருப்பிச் சுவரில் எறிவதும் குத்துச்சண்டைக்காரனுக்கு ஏற்றவை. ஓயாமல் முன்னே குத்தித் தோள் கூனிப்போகாதிருக்க, கயிறேறுதல் போன்ற இழுக்கும் பயிற்சி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

இந்தப் பலப் பயிற்சிகளையெல்லாம் சண்டைப் பயிற்சி முடிந்த பிறகோ, வேறொரு வேளையிலோ வைத்துக்கொள்வது நலம். தளர்ந்த உடலோடு கோதாவில் இறங்குகிறவன் பிசகான பிடிகளையே பழகிக்கொள்கிறான். போட்டிக்கு முந்திய வாரத்தில் பளுவின் கனத்தைக் குறைக்காமல், தூக்கும் தடவைகளை மட்டும் பாதியாக்கிவிடலாம்.