சுவிட்ச் நம் கையில்

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "விசுவாசம், ஜெபம், சேவைன்னு தலைப்பு. பத்து நிமிஷம். பிரசங்கம் மட்டும் பண்ணிடாதீங்க" என்றார். பயப்பட வேண்டாம். எனக்குப் பிரசங்கம் வராது. நான் சிவில் இன்ஜினியர். கம்பி, சிமென்ட், ஜல்லி தெரியும். ஆகவே என் சைட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அதில் நான் கதாநாயகன் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2019-ல் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் அஸ்திவாரத்துக்கு ராத்திரி கான்கிரீட் போட்டோம். நான்தான் பொறுப்பு இன்ஜினியர். கான்கிரீட்டுக்குள் இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு ரப்பர் பூட்ஸ் கொடுக்க வேண்டும். ஏன் என்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஈர சிமென்ட் கடுமையான காரம். மணிக்கணக்கில் தோலில் பட்டால் தோல் வெந்து போகும். "ரப்பர் பூட்ஸ் 40 ஜோடி" என்று கான்ட்ராக்டர் பில் கொடுத்திருந்தார். சரிபார்த்ததாக நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன். எண்ணிப் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி பத்துப் பன்னிரண்டு பேர் காலில்தான் பூட்ஸ் இருந்தது. மற்றவர்கள் பிளாஸ்டிக் பையைக் காலில் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். சிலர் வெறுங்கால். பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். லாரிகள் வரிசையில் நிற்கின்றன, விடிவதற்குள் முடிக்க வேண்டும் என்று என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு சித்தாள் அம்மா வேலைக்கு வரவில்லை என்று தெரிந்தது. மேஸ்திரியைக் கேட்டேன். "காலில புண்ணு சார், ஆஸ்பத்திரில இருக்கு" என்றார். இன்னும் ஒரு வாரம் கழித்துத்தான் போய்ப் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும். பாதம் முழுக்கக் கட்டு. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

"அன்னிக்குக் கால் எரியலையாம்மா?" என்று கேட்டேன்.

"எரிஞ்சிருந்தா வெளிய வந்திருக்க மாட்டேனா சார்? ஒண்ணுமே தெரியலையே" என்றார்.

அவருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை வியாதி. கவனிக்காமல் விட்டதில் பாதத்தின் உணர்ச்சி போய்விட்டது என்று டாக்டர் விளக்கினார். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குள் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த அம்மாவுக்குத் தெரியாமல் போனதற்கு வியாதி காரணம். எனக்குத் தெரியாமல் போனதற்கு எது காரணம்?

நான் ஜெபிக்காதவன் இல்லை. தினமும் ஜெபிப்பேன். வீட்டுக் கடன், புரமோஷன், பிள்ளைக்கு ஸ்கூல் அட்மிஷன் என்று பெரிய பட்டியலே இருக்கும். செமஸ்டர் ரிசல்ட்டுக்கு முந்தின நாள் நம் கல்லூரிச் சிற்றாலயத்தில் முழங்காலில் நின்ற பழக்கம்தான். அன்று ராத்திரி முழங்காலில் நின்றேன். பட்டியல் வரவில்லை. அந்தக் கால்தான் வந்தது.

அந்த நாட்களில் என் மாமா ஒரு புத்தகம் கொடுத்தார். டாக்டர் பால் பிராண்ட், பிலிப் யான்சி என்ற எழுத்தாளரோடு சேர்ந்து வலியைப் பற்றி எழுதி 1993-ல் வெளியான புத்தகம். பிராண்ட் நம்ம ஊர்க்காரர் என்றே சொல்லலாம். 1914-ல் கொல்லிமலையில் மிஷனரிகளுக்குப் பிறந்தவர். தகப்பனார் 1929-ல் அந்த மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். தாயார் எவலின் பிறகும் மலைக்குத் திரும்பி வந்தார். வயதாகி மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும், தாமாகவே மலைமலையாகப் போய் ஊழியம் செய்து, 1974-ல் 95-வது வயதில் காலமானார். மகன் பால், நம்மைப் போலக் கட்டட வேலை படித்தவர். இங்கிலாந்தில் கொத்து வேலை, தச்சு வேலை எல்லாம் கற்றுக்கொண்ட பிறகுதான் டாக்டருக்குப் படித்தார். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

தொழுநோயால் சதை தானாகவே அழுகி விரல்கள் விழுகின்றன என்று அப்போது நினைத்தார்கள். பிராண்ட் உட்கார்ந்து கவனித்தார். நோய் நரம்பைக் கெடுக்கிறது. வலி போய்விடுகிறது. வலி இல்லாததால் சூடு, கல், முள் எதுவும் தெரிவதில்லை. காயத்தின் மேல் காயம் பட்டுத்தான் விரல்கள் போகின்றன என்று கண்டார். சிலருக்கு ராத்திரியில் எலி விரலைக் கடித்ததுகூடத் தெரியவில்லை. அதற்காக நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்!

இன்ஜினியர்களுக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். பிற்பாடு அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் வேலை செய்தபோது, செயற்கையாக ஒரு வலியை உண்டாக்கிப் பார்த்தார். கையுறையில் அழுத்தத்தை அளக்கும் சென்சார்கள். அழுத்தம் அதிகமானால் காதில் ஒரு சத்தம். நோயாளிகள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வேலையைத் தொடர்ந்தார்கள். சரி என்று, உணர்ச்சி இருக்கிற இடத்தில் லேசான ஷாக் வைத்தார். என்ன நடந்தது தெரியுமா? முக்கியமான வேலை வந்தபோது சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு, வேலையை முடித்துவிட்டு, மறுபடி ஆன் செய்துகொண்டார்கள். சில வருஷ உழைப்புக்குப் பிறகு அந்த முயற்சியைக் கைவிட்டார். சுவிட்ச் நம் கையில் இருந்தால் வலியால் பிரயோஜனமில்லை என்பதே அவர் கண்டது.

படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். அன்று ராத்திரி அந்தக் கால்களைப் பார்த்தபோது நான் செய்ததும் அதுதானே? லாரி நிற்கிறது என்று சுவிட்சை ஆஃப் செய்தேன். கான்கிரீட் முடிந்தபின் ஆன் செய்து, ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு போனேன்.

ஜெபம் என்றால் என்ன என்று எனக்குக் கொஞ்சம் புரிந்தது அப்போதுதான். என் வலியை எடுத்துப்போடும்படி கேட்பது மட்டும் ஜெபமில்லை. அடுத்தவர் வலி எனக்குத் தெரியும்படி வைத்திரும், அந்த சுவிட்சை என் கையிலிருந்து வாங்கிக்கொள்ளும் என்று கேட்பதும் ஜெபம்தான்.

அப்புறம் ஒரு கடிதம் எழுதினேன். பில்லில் இருக்கிற பூட்ஸ் வரவில்லை, எண்ணாமல் கையெழுத்துப் போட்டது என் தவறு, அந்த அம்மாவின் வைத்தியச் செலவைத் தர வேண்டும் என்று. மேலதிகாரி வாசித்துவிட்டு, "இதுல உன் கையெழுத்துதான் இருக்கு. உன் தலைதான் உருளும். யோசிச்சுக் கொடு" என்றார். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். கடன் தவணை பாக்கி, மனைவிக்கு ஏழாம் மாதம். அவள் வாசித்துப் பார்த்து, "கொடுத்துட்டு வாங்க. நடக்கிறது நடக்கட்டும், கர்த்தர் இருக்கார்" என்றாள். விசுவாசம் என்று பல பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எனக்கு அது, மறுநாள் காலையில் அந்தக் கடிதத்தோடு மாடிப்படி ஏறிய இரண்டு நிமிஷம்தான். கால் நடுங்கியது.

சாட்சி சொல்கிறவர்கள் கடைசியில் எல்லாம் நன்றாக முடிந்தது என்பார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியாது. அந்த வருஷம் எனக்கு இன்கிரிமென்ட் இல்லை. வேறு சைட்டுக்கு மாற்றினார்கள். வைத்தியச் செலவில் பாதிதான் வந்தது. மீதியை நான் கொடுத்தேன். பூட்ஸ் 40 ஜோடியும் வந்து சேர்ந்தது. அந்த அம்மாவின் விரல்கள் வரவில்லை.

இப்போது அவர் எம்.சி.ஆர். செருப்புப் போட்டு நடக்கிறார். மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர். வேலூர், காரிகிரி பக்கம் தொழுநோயாளிகளின் பாதத்தைக் காப்பாற்றிய அதே செருப்பு இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் உதவுகிறது. தேய்ந்துவிட்டால் புது ஜோடி வாங்கிக் கொடுப்பது என் பொறுப்பு. "எதுக்கு சார் இவ்வளவு சிரமம்" என்பார். எனக்குத்தான் பதில் சொல்லக் கூச்சமாக இருக்கும்.

என் சைட்டில் இப்போது சனிக்கிழமை சம்பளத்துக்கு முன்னால் ஒரு பெஞ்சு, ஒரு வாளித் தண்ணீர். எல்லோரும் காலைக் கழுவி, உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெடிப்பு, கொப்புளம் இருந்தால் மருந்து. உணர்ச்சி குறைந்தவர்களைச் சர்க்கரை டெஸ்டுக்கு அனுப்புகிறோம். இருபது நிமிஷ வேலை. முதல் வாரம் ஒரு பெரியவரால் குனிய முடியவில்லை. நான் கழுவிவிட்டேன். அவருக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம். யோவான் 13-ம் அதிகாரத்தில் இயேசு சீஷர்களுடைய காலைக் கழுவியதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். பேதுரு ஏன் அப்படிக் காலை இழுத்துக்கொண்டான் என்பது அன்றுதான் புரிந்தது.

நண்பர்களே, நம்மில் பல மதத்தவர் இருக்கிறோம். நான் கேட்பது எல்லோராலும் முடிகிற காரியம். பூட்ஸ் பில்லில் கையெழுத்துப் போடுமுன் எண்ணிப் பாருங்கள். வாரம் ஒருமுறை வேலையாட்களின் காலைப் பாருங்கள். ஜெபிக்கிற பழக்கம் உள்ளவர்கள், உங்கள் பட்டியலில் உங்கள் சைட்டிலிருந்து ஒரே ஒரு பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். பேர் தெரியவில்லை என்றால், நாளைக்கே போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பத்து நிமிஷம் தாண்டிவிட்டது, செயலாளர் மணியைப் பார்க்கிறார். கர்த்தர் நம் எல்லோரையும் ஆசீர்வதிப்பாராக.