கடல் கடந்து கொண்டுவரும் பொருள்

(தசலட்சண பருவ விழாவின் ஒன்பதாம் நாள், உத்தம ஆகிஞ்சன்யத் திருநாளன்று ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

இன்று உத்தம ஆகிஞ்சன்யம் பற்றிப் பேசுமாறு எனக்குப் பணித்தார்கள். 'எனது என்று யாதொன்றும் இல்லை' என்னும் அந்நிலை முனிவர்க்கு உரியது. வாய் பிளந்த பெட்டியின் மேல் ஏறி அமர்ந்து, மருமகளை இழுத்துப் பூட்டச் சொல்லி, விமான நிலையத்திற்கு விரைந்த என் போன்ற இல்லறத்தான் அதைப் பற்றி விரித்துரைப்பது பொருந்தாது. ஆகவே அதன் கீழ்ப்படியில் நிற்கும் 'பொருள் வரைதல்' என்னும் அணுவிரதத்தை ஒட்டி, நம் இல்லங்களில் இன்று நாள்தோறும் நிகழும் ஒன்றைப் பேச இசைவு பெற்றேன். வெளிநாடு சென்று திரும்பும் நாம் சுற்றத்தார்க்கு என்ன கொண்டுவருகிறோம் என்பதே அது.

கடல் கடந்து செல்வது சமணர்க்குப் புதிதன்று. சீவக சிந்தாமணியில் வரும் சீதத்தன் மரக்கலம் ஏறிப் பொருள் தேடச் சென்ற வணிகன்தான். இன்று வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களிலும் ஒரு வீட்டுப் பிள்ளை சிங்கப்பூரில், அடுத்த வீட்டுப் பெண் அமெரிக்காவில் என்றாகிவிட்டது. பேரன் பேத்தியரைக் காணப் பெற்றோரும் போய்வருகிறோம். திரும்பும்போது வெறுங்கையோடு வருவதெப்படி?

என் அனுபவம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அது பெருமைக்குரியதன்று.

2019 ஆம் ஆண்டு ஆவணியில் முதன்முறையாகச் சிங்கப்பூரில் உள்ள என் மகன் வீட்டிற்குச் சென்றேன். திரும்புவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது ஊரிலுள்ள உறவினர் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, என்ன வேண்டும் என்று கேட்டேன். கடிகாரம், வாசனைத் திரவியம், முத்துமாலை, கைப்பை என்று பட்டியல் நீண்டது. என் பெரியம்மாவிடமும் கேட்டேன். அப்போது அவருக்கு வயது எண்பத்திரண்டு. இருபதாண்டுகளுக்கும் மேலாக இரவுணவு நீத்தவர்.

"ஒன்றும் வேண்டாம் தம்பி. சாதுர்மாசம் முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை என்று நியமம் எடுத்திருக்கிறேன்" என்றார்.

"நீங்கள் தாண்ட வேண்டாம் பெரியம்மா, நான்தானே கொண்டுவரப் போகிறேன்" என்றேன்.

"நான் உள்ளே இருந்துகொண்டு உன்னை வெளியிலிருந்து கொண்டுவரச் சொன்னால், தாண்டியது யார்?" என்றார்.

அப்போது அதை முதியவரின் பிடிவாதமாகவே எண்ணினேன். பின்னர்தான் ஏட்டைப் புரட்டினேன். குறித்த காலத்திற்கு இந்த எல்லைக்குள்தான் இருப்பேன் என்று வரையறுத்துக்கொள்வது தேசாவகாசிக விரதம். அதற்குச் சொல்லப்பட்ட ஐந்து அதிசாரங்களுள் ஒன்று, எல்லைக்கு வெளியேயுள்ள பொருளைப் பிறர்வழி வரவழைப்பது. உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இதனைக் குறித்திருக்கிறார். விமானமும் கூரியரும் இல்லாத காலத்தில், மனிதன் தான் நகராமலே தன் ஆசையை மட்டும் எல்லை தாண்டி அனுப்புவான் என்பதை அவர் எப்படிக் கண்டாரோ!

பெரியம்மா கேட்கவில்லை. ஆயினும் நான் சும்மா வரவில்லை. பல வண்ணங்களில், கரடிப் பொம்மை வடிவில், பல்லுக்கு இதமாக மென்மையாக இருக்கும் மிட்டாய்ப் பொட்டலங்கள் ஆறு வாங்கினேன். ஊர் வந்து ஜினாலயத்தில் குழந்தைகளுக்கெல்லாம் கொடுத்தேன். பல் இல்லாத பெரியம்மாவுக்கும், "மென்றுதின்ன வேண்டியதில்லை, கரைந்துவிடும்" என்று சொல்லி என் கையாலேயே இரண்டு கொடுத்தேன். அவரும் பகல் வெளிச்சத்தில், என் மனம் நோகக்கூடாதென்று வாயில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்பிள்ளை அந்தப் பொட்டலத்தின் உறையைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தாள். பின்புறத்துப் பொடி எழுத்தில் ஒரு சொல்லைச் சுட்டினாள். ஜெலட்டின், அதனையடுத்து அடைப்புக்குறிக்குள் மாடு என்றும் இருந்தது. தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுக்கும் பசைப்பொருள் அது என்று அவள் பாடநூலில் படித்திருக்கிறாள். எனக்கு அறுபத்து மூன்று வயது. நாற்பதாண்டுகள் அலுவலகத்தில் கோப்புகளைப் படித்தே ஊதியம் பெற்றவன். ஆறு பொட்டலம் வாங்கியும் ஒன்றின் பின்புறத்தையும் நான் திருப்பிப் பார்க்கவில்லை.

மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்ததையும் இந்த அவையில் ஒப்புக்கொள்கிறேன். பின் பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. சற்று நேரம் பேசாதிருந்தார். "உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றார். அடுத்த நாள் உபவாசம் இருந்தார். எண்பத்திரண்டு வயதில், நான் செய்த பிழைக்கு அவர் பட்டினி கிடந்தார். எதுவும் வேண்டாம் என்று சொன்ன ஒருவருக்குத்தான் என் பரிசு அந்தச் சுமையைக் கொடுத்தது.

அதன் பிறகு படித்தும் கேட்டும் அறிந்தவற்றைச் சொல்கிறேன். நம் நாட்டில் பொட்டல உணவின் மேல் பச்சைப் புள்ளி பார்த்துப் பழகிவிட்டோம். அந்த அடையாளம் இந்தியச் சட்டம் தந்தது. கடல் தாண்டினால் அது கிடையாது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஹலால் முத்திரையைப் பார்த்துவிட்டு, 'ஏதோ நற்சான்று இருக்கிறது' என்று நம்மவர் வாங்கிவிடுகிறார்கள். அது இசுலாமியர் நெறிக்கு ஏற்றது என்பதற்கான சான்று. புலால் இல்லை என்பது அதன் பொருளன்று. 'வெஜிடேரியன்' என்று எழுதியிருந்தாலும் முட்டை இருக்கலாம். அங்கே எல்லோரும் வாங்கித்தரும் 'காயா' என்னும் தேங்காய்ப் பால் இனிப்புக் கூழில் முட்டை உண்டு. காரப் பொடிகளிலும் சம்பல்களிலும் காய்ந்த இறால் சேர்வது வழக்கம். 'பறவைக் கூடு' என்று அழகிய குப்பிகளில் விற்கும் பானம் உழவாரக் குருவியின் உமிழ்நீர்க் கூட்டிலிருந்து ஆவது.

சில உறைகளில் பெயர் இராது, எண் இருக்கும். 120 என்பது கொச்சினீல் என்னும் பூச்சியை அரைத்தெடுக்கும் செந்நிறம். உதட்டுச் சாயத்திலும் இது கார்மைன் என்னும் பெயரில் வரும். 904 அரக்குப் பூச்சியிலிருந்து வருவது. மிட்டாய்க்கும் சில சாக்லேட்டுகளுக்கும் பளபளப்பூட்ட மேலே பூசுவார்கள். 901 தேன்மெழுகு. 542 எலும்பிலிருந்து எடுப்பது. 471 தாவரக் கொழுப்பாகவும் இருக்கலாம், விலங்கின் கொழுப்பாகவும் இருக்கலாம். உறையில் விளக்கம் இல்லையேல் வைத்துவிட்டு வருவதே நன்று. பாலாடைக்கட்டியை உறையச் செய்யக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட்டைச் சேர்ப்பதும் உண்டு. சிறுவர்கள் இந்த எண்களை ஒரு தாளில் எழுதித் தாத்தா பாட்டியின் கடவுச்சீட்டு உறைக்குள் வைத்தனுப்பலாம். உருளைக்கிழங்கு வறுவலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதில் நம் வீடுகளிலேயே இரண்டு கட்சி உண்டு.

உணவல்லாத பொருளில்தான் நாம் மிகவும் தவறுகிறோம். தோல் கைப்பை, தோல் வார் கோத்த கடிகாரம் ஆகியவை வெளிப்படை. எலும்புச் சாம்பல் கலந்து செய்யும் வெண்பீங்கான் கோப்பைகள் வெளிப்படையல்ல. அதன் ஆங்கிலப் பெயரிலேயே எலும்பு இருந்தும் நாம் கவனிப்பதில்லை. என்னிடம் முத்துமாலை கேட்டவர் ஒருவர் உண்டு என்றேனே! சிப்பியைப் பிளந்து, உள்ளே சிறு கருவை வைத்து வளர்த்து, மீண்டும் பிளந்து எடுப்பதே இன்று சந்தைக்கு வரும் முத்துகளில் பெரும்பாலானவை. பட்டைப் பற்றிப் பேச எனக்குத் தயக்கம். ஆரணியிலும் காஞ்சியிலும் தறி ஓசையின் நடுவே வாழ்பவர் நாம். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான கூடுகளைப் புழுவோடு கொதிநீரில் இடுகிறார்கள் என்பது நமக்குத் தெரியாததன்று. என் வீட்டுப் பேழையிலும் பட்டு இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அயல்நாட்டிலிருந்தும் ஒன்றைச் சுமந்துவந்து அதன்மேல் அடுக்க வேண்டுமா என்றுதான் கேட்கிறேன்.

மாறாகப் பெயரைக் கண்டு அஞ்ச வேண்டாததும் உண்டு. டைகர் பாமில் புலியின் உறுப்பு எதுவும் கிடையாது. கற்பூரம், மெந்தால், கிராம்பு முதலியவற்றின் எண்ணெய்களே அதன் சரக்கு. நம் ஊரில் பாட்டிமார் போற்றும் கோடாலித் தைலமும் சிங்கப்பூர்ச் சரக்குத்தான். சிறு குப்பியாகப் பத்து வாங்கினாலும் பெட்டியில் இடம் கொள்ளாது. பத்து வீடுகளில் மகிழ்ச்சி.

இனிக் கள்ளாமை. இளைஞர்கள் இதைச் செவிமடுக்க வேண்டும். கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களில் அரசின் சட்டத்தை மீறிப் பொருள் கொள்வதும், போலிச் சரக்கை நல்ல சரக்கென வழங்குவதும் எண்ணப்பட்டுள்ளன. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்து திரும்பும் ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் தங்க நகை, மதிப்பு வரம்புக்குட்பட்டு வரியின்றி என்று 2016 ஆம் ஆண்டுச் சுங்க விதிகள் வகுத்தன. சில வாரம் தங்கிவருபவருக்கு அச்சலுகை இல்லை. மற்றப் பொருள்களுக்கு அவ்விதிகள் வைத்த வரம்பு 50,000 ரூபாய். இத்தொகைகள் அவ்வப்போது மாறும். புறப்படுமுன் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"மாமா, இந்தச் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள்" என்று உறவினர் கேட்பதுண்டு. என்னிடமும் ஒருவர் கேட்டார். பிறர் சரக்கைச் சுமந்துவருபவரைச் சென்னையில் 'குருவி' என்பார்கள். பாவம், தானியம் பொறுக்கும் சிற்றுயிருக்கு ஏன் இந்தப் பழி? மறுத்தேன். அவர் இரண்டாண்டுகள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்த இழப்பும் இதில் உண்டு என்பதை மறைத்துப் பயனில்லை. புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயர் பொறித்த போலிக் கடிகாரத்தை மலிவாக வாங்கி மருமகனுக்கு உண்மையானதென்று கொடுப்பதும் அதே கணக்கில்தான் சேரும்.

இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் சமந்தபத்திர சுவாமிகள் பொருள் வரைதலுக்கு ஐந்து அதிசாரம் சொல்கிறார். மிகுதியாகச் சேர்த்தலும், பிறர் செல்வம் கண்டு வியத்தலும், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றலும் அவற்றுள் அடங்கும். வியப்பைக் குற்றமாக வைத்தாரே என்று முன்பு நான் எண்ணியதுண்டு. நம் இளமைக் காலத்தில் பர்மா பஜாரில் வாங்கிய ஒரு சோப்புக் கட்டியைக் கூடக் கண்ணாடி அலமாரியில் வைத்து வருவோர் போவோர்க்குக் காட்டினோம். அது கரைந்து பயன்பட்டதே இல்லை. இன்று அங்கே கிடைக்கும் பொருளில் பெரும்பகுதி சென்னைக் கடைகளிலேயே கிடைக்கிறது. வியப்பை மட்டுமே சுமந்துவருகிறோம். சுமை ஏற்றுதல் என்பது அக்காலத்தில் எருதையும் பணியாளையும் குறித்தது. எடை மிகுந்த என் பெட்டியைப் படியில் தூக்கி வந்த வாடகைக் கார் ஓட்டுநரின் வயதைப் பார்த்தபோது, அக்காலத்தை மட்டுமே குறித்ததென்று எனக்குத் தோன்றவில்லை.

பரிசு பெறுபவரின் விரதத்தையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பெரியம்மாவிடம் ஒரு பழைய குறிப்பேடு உண்டு. புடவை பன்னிரண்டு, பாத்திரம் இத்தனை, பாய் தலையணை இத்தனை என்று வரையறை எழுதிக் கையொப்பமிட்டு வைத்திருப்பார். நாம் ஆசையோடு பதின்மூன்றாவது புடவையைக் கொண்டுபோய் நீட்டினால் அவர் என்ன செய்வார்? மறுத்தால் நம் மனம் வருந்தும், ஏற்றால் அவர் நியமம் குலையும். கொடுக்குமுன் கேட்பது அதனால்தான். கேட்டபின் 'வேண்டாம்' என்றால் அதை நம்புவதும் அதனால்தான்.

சென்ற ஆண்டு தையில் மீண்டும் சிங்கப்பூர் சென்றேன். இம்முறையும் அழைத்துக் கேட்டேன். சாதுர்மாசம் இல்லை, எல்லை நியமமும் இல்லை. பெரியம்மா சற்றுத் தயங்கி, "எழுத்துக் கலங்குகிறது தம்பி. சாத்திரம் வாசிக்க ஒரு பெரிய கண்ணாடி கிடைக்குமா?" என்றார். சிறு விளக்குப் பொருத்திய உருப்பெருக்கி ஒன்றை வாங்கினேன். கைப்பிடி மரம், உறை துணி என்று கடைக்காரரிடம் இருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன். அவர் என்னை விந்தையாகப் பார்த்தார்.

ஊர் வந்து கொடுத்தபோது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளக்கை ஏற்றி அணைத்தார். பிறகு எழுந்து போய்க் குறிப்பேட்டை எடுத்துவந்து, அந்தப் புதிய கண்ணாடியின் உதவியாலேயே ஒரு வரியைத் தேடி, 'கண்ணாடி ஒன்று' என்று சேர்த்தார். உடனே அலமாரியிலிருந்த பித்தளைச் செம்பு ஒன்றை எடுத்து, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணை அழைத்துக் கொடுத்துவிட்டு, மேலே இருந்த செம்புக் கணக்கில் ஒன்றை அடித்தார்.