எவ்வளவு காலமாக இப்படி?

(உலக மனநல நாளான அக்டோபர் 10ஐ முன்னிட்டு வானொலியில் வழங்கிய மறையுரை)



மாற்கு நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில் ஒரு தந்தை தம் மகனைக் கூட்டிக்கொண்டு வருகிறார். பையன் கீழே விழுந்து புரள்கிறான், வாயில் நுரை தள்ளுகிறது. சீடர்கள் முயன்று பார்த்தும் முடியவில்லை. சுற்றிலும் கூட்டம், மறைநூல் அறிஞர்களுக்கும் சீடர்களுக்கும் வாக்குவாதம். அந்தச் சத்தத்தின் நடுவே இயேசு தந்தையிடம் ஒரு கேள்வி கேட்கிறார்: இது எவ்வளவு காலமாக இருக்கிறது? சிறுவயது முதலே என்கிறார் தந்தை.

அந்தப் பையனுக்கு இருந்தது வலிப்பு நோய் என்று இன்றைய மருத்துவர்கள் சொல்லக்கூடும். அது இருக்கட்டும். நம் மனதைத் தொடுவது அந்தக் கேள்விதான். ஆண்டவர் முதலில் விசாரித்தார்.

நாங்கள் விசாரிக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளோடு எங்களிடம் வந்தார். பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, இரவில் தூக்கமில்லை, பள்ளிக்கூடம் என்றாலே வயிற்றுவலி. தலையில் கைவைத்துச் செபித்தோம். ஒன்பது செவ்வாய்க்கிழமை புனித அந்தோனியார் நவநாளுக்கு வரச் சொன்னோம். நவநாள் முடிவதற்குள் அந்தப் பிள்ளை தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டாள். கடவுள் அருளால் பிழைத்தாள். செபித்தது தவறில்லை, செபித்ததோடு அனுப்பிவிட்டது தவறு. அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருப்பது எங்களுக்குத் தெரியும். அங்கே போனால் ஊர் என்ன பேசும், நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள் என்று அந்தத் தாய் பயந்தார். அந்தப் பயத்துக்கு நாங்களும் பதில் சொல்லாமல் இருந்துவிட்டோம்.

இது எங்கோ ஒரு வீட்டுக் கதை அல்ல. 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கண்டது. நம் மறைக்கல்வி வகுப்புகளில் நூறு பேர் உட்கார்ந்தால், அவர்களில் ஏழு பேர்.

இவர்களுக்கு உதவி செய்வது அரசின் தயவு அல்ல. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. குழந்தைகளுக்கான மனநலச் சேவையையும் அது தனியே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. நம் திருஅவையின் மறைக்கல்வி ஏடும் கடுமையான மனநோயும் வேதனையும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றுதான் போதிக்கிறது. அப்படியிருக்க, அந்தக் குடும்பத்தை நாம் ஏன் ஒருமாதிரி பார்க்கிறோம்?

14416 என்ற எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். 2022 முதல் இயங்கும் அரசின் டெலிமானஸ் சேவை அது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098.

ஆனால் தொலைபேசி மட்டும் போதாது. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கியது. இன்றும் பல தாலுகா மருத்துவமனைகளுக்கு மனநல மருத்துவர் குறித்த நாளில்தான் வருகிறார். குடிநோயாளி, முதியவர், பள்ளிப் பிள்ளை எல்லாருக்கும் ஒரே வரிசை. கூட்டத்தைப் பார்த்த பிள்ளை ஐந்து நிமிடத்தில் எப்படி வாய் திறக்கும்? அந்த மருத்துவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பிள்ளைகளுக்கென்று ஒரு தனி நாள், ஒரு தனி அறை, பொறுமையாகக் கேட்க ஓர் ஆற்றுப்படுத்துநர் வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும். நற்செய்தியில் வரும் தந்தையும், தம் நம்பிக்கையில் குறை இருப்பதை மறைக்காமலே, கூட்டத்தின் நடுவில் நின்று கேட்டார்.

அந்தப் பெண் இப்போது பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறாள். மாதம் ஒருமுறை தாயும் மகளும் பேருந்தில் ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து மாவட்ட மருத்துவமனைக்குப் போகிறார்கள். எங்கள் அன்பியத்துப் பெண்களில் ஒருவர் துணைக்குப் போகிறார். வருகிற நவம்பர் 1 கிராம சபையில் கொடுப்பதற்கான மனுவை எழுதிக் கொடுத்தவரும் அந்தத் தாய்தான். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அது கோவில் வாசலில் மேசைமேல் இருக்கும். பேனாவும் வைத்திருக்கிறோம்.