நஞ்சுக்குள் ஒரு காவலன்

மன்னார்த் தீவின் பனங்காட்டில் நாகத்தையோ விரியனையோ கண்டால் தடி தேடாதவர் நம்மில் குறைவு. அந்தப் பாம்புகளின் நஞ்சில், கொல்லும் புரதங்களோடு, நரம்புக் கலங்களைச் சாகவிடாமல் காக்கும் புரதம் ஒன்றும் சிறிதளவு இருக்கிறது. நரம்பு வளர்ச்சிக் காரணி என்பது அதன் பெயர்.

அதைக் கண்டுபிடித்த கதை இத்தாலியில் தொடங்குகிறது. 1938இல் அங்கே முசோலினியின் இனச் சட்டம் யூதர்களைப் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேற்றியது. அப்படி வெளியேற்றப்பட்ட தூரின் நகரத்து ரீட்டா லெவி மொன்டால்சினி, போர்க்காலத்தில் தன் படுக்கையறையிலேயே கோழிமுட்டைகளை வைத்து ஆய்வு செய்தார். முளையத்தில் சிறகு வளரும் மொட்டை வெட்டிவிட்டால், அங்கே போகவேண்டிய நரம்புக் கலங்கள் குறைந்துபோகும். அமெரிக்காவில் விக்டர் ஹாம்பர்கர் இதை முன்பே கண்டிருந்தார். உறுப்பின் தூண்டுதல் கிடைக்காததால் இளங்கலங்கள் நரம்புக் கலங்களாக உருமாறவில்லை என்பது அவர் விளக்கம். ரீட்டா கண்டதோ வேறு. கலங்கள் உருமாறுகின்றன, வளரவும் தொடங்குகின்றன. பிறகுதான் சாகின்றன.

ஹாம்பர்கரின் அழைப்பில் 1947இல் அவர் சென் லூயிஸ் போனார். சேர்ந்து ஆராய்ந்தபோது ரீட்டா சொன்னதே சரியாயிற்று. தன் விளக்கத்தை மறுத்தவரையே கூப்பிட்டு வேலை கொடுத்த ஹாம்பர்கரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

பின்னர் ஸ்டான்லி கோஹன் வந்து சேர்ந்தார். சுண்டெலிக் கட்டி ஒன்றின் சாறு நரம்பு இழைகளை வளரச்செய்தது. அதிலிருப்பது புரதமா, நியூக்கிளிக் அமிலமா? அமிலத்தைச் சிதைக்கவென்று கொஞ்சம் பாம்பு நஞ்சைச் சேர்த்தார்கள். இழைகளோ முன்னிலும் செழித்து வளர்ந்தன! கட்டியில் இருந்ததைவிட நஞ்சில்தான் அந்தப் பொருள், அதாவது நரம்பு வளர்ச்சிக் காரணி, அதிகம். 1986இல் ரீட்டாவுக்கும் கோஹனுக்கும் நோபல் பரிசு.

சரி, கலத்தைச் சாகாமல் காத்துவிட்டால் அது தானாக முழு நரம்புக் கலம் ஆகிவிடுமா? எலியின் அதிரீனல் சுரப்பிக் கட்டியிலிருந்து எடுத்து வளர்க்கும் ஒருவகைக் கலங்கள் இதற்குப் பதில் சொல்லின. ஊட்டம் தரும் குருதிநீரை நிறுத்தினால் அவை சாகும். நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தால் பிழைக்கும், இழையும் நீட்டும். அதற்குப் பதில், இறப்பைத் தடுக்கும் பிசிஎல்-2 என்ற புரதத்தை மட்டும் கலத்துக்குள் கூட்டினால்? பிழைக்கிறது, ஆனால் இழை நீட்டுவதில்லை. 1993இல் வெளியான முடிவு இது. உயிர் காப்பது ஒரு வேலை, உருவாக்குவது இன்னொரு வேலை. இந்தக் காரணி இரண்டையும் செய்கிறது. நரம்புச் சாவைத் தடுக்கும் மருந்து என்று எங்காவது வாசித்தால், பிழைத்த கலம் வேலை செய்யுமா என்றும் கேளுங்கள்.

நஞ்சிலிருந்து அல்லாமல் ஆய்வுகூடத்தில் தயாரித்த இதே காரணி, விழிவெண்படல நரம்பு பழுதானவர்களுக்குக் கண்சொட்டு மருந்தாக 2017இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது.

இதைக் கேட்டுவிட்டு பாம்புக்கடியை இலேசாக எண்ணிவிடாதீர்கள். கடியில் ஏறும் நஞ்சில் கொல்லும் பங்குதான் அதிகம். கடிவாயைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை அழைத்து உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.